ரெக்கைக்கு வெச்ச திருஷ்டிப் பொட்டு

இத எழுதவே வேண்டாம்னுதான் இருந்தேன். பயணக் கட்டுரைன்னா ஏரோப்ளேன் ஏறிப் போனவங்க எழுதறது. நான் ஏறுனது ஒரு ஜீப்பு. போனது ஆத்தூருக்கு அக்கட்டால தலைவாசல்ல இருந்து எருமப்பட்டி வரைக்கும். பஸ்ஸுல போனா மத்தியானச் சோத்துக்கு ஊடு வந்து சேந்துரலாம், எங்களுக்கு மூணு நாளாச்சு. இன்னைக்கு ஜீப்பு ஒர்க்ஷாப்புல நிக்குது. எனக்கு வேலை இல்ல. வாய மூடிக்கிட்டு உக்கார நமக்கு வராது. அதனால எழுதறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க, பத்தாவதுக்கு மேல நானும் பள்ளிக்கூடமும் பேசிக்கறதில்ல.

என்ற வேலை என்னன்னு மொதல்ல சொல்லீர்றேன். கரண்டு எடுக்கற காத்தாடி இருக்குது பாருங்க, அதோட ரெக்கைய ஏத்திட்டு வர்ற நீட்டு ட்ரெய்லருக்கு முன்னால செவப்புக்கொடி கட்டிக்கிட்டு ஜீப்பு ஓட்டறது. எதுக்கால வர்ற பஸ்ஸ ஓரங்கட்டறது, தொங்கற ஒயர மூங்கில்ல தூக்கிப் புடிக்கறது, மரக்கெளைய பாத்துச் சொல்றது. பைலட்டுன்னு பேரு. எங்கம்மா சொந்தம் ஒறம்பரைக்கெல்லாம் "பையன் பைலட்டுங்க"ன்னு சொல்லி வெச்சுருக்குது. ரெண்டு பொண்ணூட்டுக்காரங்க ஜாதகம் கேட்டுட்டாங்க. நானும் திருத்தல.

எங்கூரு திருச்செங்கோடு. எங்கூர்ல பள்ளிக்கூடம் புடிக்காத பசங்க போர் போடற ரிக்கு வண்டில ஏறீருவாங்க. நானும் ரெண்டு வருசம் ராஜஸ்தான்ல போர் போட்டேன். தண்ணி வந்துச்சோ இல்லியோ, இந்தி வந்துச்சு. அந்த இந்திக்காகத்தான் இந்த வேலையே குடுத்தாங்க. ட்ரெய்லர் ஓட்டறவரு பன்வாரின்னு ராஜஸ்தான்காரரு. தமிழ்ல அவருக்கு "சாப்பாடு", "டீசல்", "நவுரு" மூணு வார்த்தைதான் தெரியும்.

மொத நாள் காலைல தலைவாசல் பக்கம் போய் இறங்குனேன். ஆத்தூருப் பக்கம் எங்களுக்கு வெளிநாடு மாதிரி. டீக்கடைல, "ஏனுங்க, டீ ஒண்ணு குடுங்க, சக்கரை கம்மியா போடுங்க"ன்னேன். கடைக்காரரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"கோயமுத்தூராப்பா?"

"இல்லீங்க, திருச்செங்கோடுங்க."

"அதான பாத்தேன். ஒரு டீக்கு எத்தினி 'ங்க'ப்பா போடுவ? சக்கரைய விட அது ஜாஸ்தியா இருக்குது."

டீய குடிச்சுட்டு ரோட்டுக்கு வந்து ரெக்கைய பாத்தேன். அதுக்கு முன்னாடி நான் பைலட் போனதெல்லாம் ட்ரான்ஸ்பார்மரு, பாய்லரு. ரெக்கை இதுதான் மொதத் தடவை. சத்தியமா சொல்றேன், பேச்சு வரல. எனக்கே!

முன்னால ட்ரெய்லர் கேபின் பக்கம் அது கிணத்து உறை மாதிரி ரவுண்டா இருக்குது. உள்ள நான் நிமுந்து நடக்கலாம். அங்கிருந்து பின்னால போகப் போக அகலமாகி, அப்பறம் ஒரு பக்கம் எரும முதுகாட்டம் உருண்டு, மறுபக்கம் அருவாளாட்டம் மெலிஞ்சு, லேசா முறுக்கிக்கிட்டே போகுது. துணிய புழியறப்ப மொத முறுக்கு ஒண்ணு உழுகும் பாருங்க, அந்தளவுதான் முறுக்கு. கடைசில ட்ரெய்லரயும் தாண்டி வெளிய நீட்டிட்டு நிக்குது நுனி. அங்க ரெண்டு செவப்புப் பட்டை. ஏரோப்ளேன்காரனுக்குத் தெரியறதுக்காம். தலையில இருந்து நுனி வரைக்கும் நடந்தேன். நடந்துட்டே இருந்தேன். ஒரு பீடி குடிக்கற நேரமாச்சு.

பன்வாரி அண்ணன் நுனிக்கிட்டதான் நின்னுட்டு, ஒரு துணில தூசி தட்டிக்கிட்டிருந்தாரு. நாப்பது வயசிருக்கும். காதுல கடுக்கன், பெரிய மீசை. நான் ரெக்கைய தொடப் போனேன். கைய புடிச்சுட்டாரு.

"சோட்டு, தொடாத"ன்னாரு. சோட்டுன்னா சின்னப்பய. அன்னையில இருந்து அதுதான் என்ற பேரு.

அப்பறம் இந்தில சொன்னத தமிழ்ல சொல்றேன். போன தடவை ஒரு புளியமரத்துக் கெளை ரெக்கைல கீறீருச்சாம். இவரு மேல தப்பில்ல, முன்னால போன பைலட்டு போன்ல பேசிட்டிருந்தானாம். ஆனா எச்சரிக்கைப் பேப்பரு இவருக்குத்தான் குடுத்தாங்க. இன்னொரு தடவை ரெக்கைல ஒரு சின்ன அடையாளம் இருந்தாலும் ஸ்டீரிங்க குடுத்துட்டு ஊருக்குப் போயிரணும்.

"போனா வேற லாரி ஓட்டுங்க"ன்னேன்.

"இந்தப் பேப்பர பாத்துட்டு எவன் குடுப்பான்? எங்கூர்ல இருக்கறது ரெண்டே வேலை. கல்லு அறுக்கறது ஒண்ணு, இருமறது ஒண்ணு. எங்கப்பன் ரெண்டும் செஞ்சு செத்தாரு. அண்ணன் இப்ப ரெண்டாவதுல இருக்கான்."

சொல்லிட்டுச் சிரிச்சாரு. நான் சிரிக்கல. போன எடுத்து டேஷ்போர்டுக்குள்ள போட்டு மூடுனேன்.

கெளம்புனோம். மணிக்கு இருவது கிலோமீட்டரு. எங்களைய ஒரு மாட்டு வண்டி ஓவர்டேக் பண்ணுச்சு. வண்டிக்காரரு எனக்கு டாட்டா வேற காட்டுனாரு.

ரோட்டோரம் முச்சூடும் ஜவ்வரிசி காயப்போட்ட களம். அந்த வெயில்ல அது வெள்ளையில வெள்ளை, கண்ணு கூசுது. அது பக்கத்துல நம்ம ரெக்கை போறப்பதான் பாத்தேன், இது வெள்ளையே இல்ல. வெள்ளையில கொஞ்சம் சாம்பல் கலந்தாப்பல, மழை வரலாமா வேண்டாமான்னு யோசிக்கற வானத்தோட நெறம். மினுக்கும் இல்ல. டீ குடிக்க நின்னப்ப அண்ணங்கிட்ட, "ஜவ்வரிசி பக்கத்துல நம்முது அழுக்கா தெரியுதுங்கண்ணா"ன்னேன். அவரு உடனே துணிய எடுத்துட்டு இறங்கிட்டாரு. வெளாட்டுக்குச் சொன்னேன்னு புரிய வெக்க கால் மணி நேரமாச்சு. இந்த வாய அன்னைக்கே கட்டியிருக்கணும்.

நிக்கற எடத்துலயெல்லாம் ஜனம் கூடிக்குது. பள்ளிக்கூடத்துப் பசங்க, "ஏரோப்ளேன் ரெக்கை!"ங்கறாங்க. குச்சிக்கெழங்குக் காட்டுல களை வெட்டிக்கிட்டிருந்த ஒரு அக்கா வரப்பு மேல வந்து நின்னு, "ஏஞ்சாமி, இது மீனா?"ன்னு கேட்டாங்க. மொபெட்டுல வந்த ஒருத்தரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இந்த மாதிரி எத்தன மாட்டுவாங்க?"ன்னாரு. மூணுன்னேன். "நம்மூட்டு ஃபேனாட்டம்தான். இதுக்குப் போயி இத்தன அலப்பறையா"ன்னு கெளம்பிட்டாரு.

பொழுது சாயறதுக்குள்ள சேலத்துக்கு வெளிய நிறுத்திட்டோம், இருட்டுனா ரெக்கை போகக் கூடாது. அண்ணனுக்குத் தட்டுவடை செட்டு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு, கேரட்டு, சட்னி. ஒரு ப்ளேட்டு தின்னாரு, ரெண்டாச்சு, நாலாச்சு. "சோட்டு, இத தின்னா பசி வருதே தவிர போக மாட்டேங்குது, இது சாப்பாடா, ஏமாத்து வேலையா?"ன்னாரு. சேலத்துக்காரங்க கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்.

ரெண்டாவது நாள் ராசிபுரத்துக்கிட்ட ஒரு திருப்பத்துல மாட்டுனோம். கல்யாண பேனரு ஒண்ணு ரோட்டுக்குள்ள நீட்டிட்டு நின்னுச்சு. ட்ரெய்லர் திரும்புனா ரெக்கையோட நுனி நேரா மாப்பிள்ளை மூஞ்சிய வழிச்சுட்டுப் போயிரும். கழட்டச் சொன்னேன். பொண்ணுக்குத் தாய்மாமன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்துட்டாரு.

"மூர்த்தம் முடியறதுக்குள்ள மாப்ள மூஞ்சிய கழட்டறதா? என்னங்க பேச்சு இது?"

"கழட்ட வேண்டாமுங்க மாமா. சித்த நேரம் படுக்க வெச்சுக்கலாமுங்க. மாப்ளைக்கும் ரெஸ்ட்டு வேணுமில்ல."

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. மாமாவும் சிரிச்சுட்டாரு. நாலு பேரு சேந்து பேனர மெத்தையாட்டம் படுக்க வெச்சோம். ரெக்கை மெதுவா மாப்பிள்ளைக்கு மேல போச்சு. அண்ணன் கண்ணாடிய விட்டு கண்ண எடுக்கல. முடிஞ்சதும் எங்க ரெண்டு பேருக்கும் லட்டு.

நாமக்கல் வந்தப்ப மத்தியானம். ட்ரெய்லர்ல ஒரு டயர்ல காத்து எறங்கிட்டிருந்துச்சு. லாரிக்கு பாடி கட்டற ஷெட்டுக வரிசையா இருக்கற எடத்துல ஓரங்கட்டுனோம். அங்கதான் என்ற கூட்டாளி முருகேசு இருக்கான். லாரி பெயிண்டரு. ரிக்குக்குப் போறதுக்கு முன்னால நானும் அவனும் ஒரே ஷெட்டுல எடுபுடி வேலை பாத்தோம்.

ஒண்ணு சொல்லணும். எங்க ஜில்லாவுல பாடி கட்டுன லாரி எதுவும் மொட்டையா வெளிய போகாது. முன்னால சாமி பேரு, கதவுல கொழந்தைக பேரு, பின்னால பூத மூஞ்சி, டயருக்குக் கீழ எலுமிச்சங்கா. எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம் பெயிண்டரு கறுப்பு எனாமல்ல ஒரு மூலைல திருஷ்டிப் பொட்டு ஒண்ணு வெப்பான். அது வெக்காம ஓனரு சாவி வாங்க மாட்டாரு. முருகேசு வெக்கற பொட்டுக்குன்னே வண்டி காத்துட்டு நிக்கும்.

அவன் ரெக்கைய பாத்ததும் பெரஷ்ஷோட அப்படியே நின்னுட்டான். "என்றா மாப்ள இது, இத்தாப்பெருசு! இதுல ஒரு எழுத்து இல்ல, ஒரு பூ இல்ல!"

எனக்கு வாய் அரிச்சுது. "ஆமாண்டா. ஆத்தூர்ல இருந்து எத்தன ஊரு கண்ணு பட்டுருக்குது தெரியுமா? நாமக்கல்லத் தாண்டி ஒரு பொட்டு கூட இல்லாமப் போகுது. நீயெல்லாம் ஒரு பெயிண்டரு!"

சொல்லிட்டு அண்ணனக் கூட்டிட்டு டயர்க் கடைக்குப் போயிட்டேன். அங்கிருந்து முட்டை தோசை திங்கப் போனோம். நாமக்கல்ல முட்டை திங்காமப் போனா கோழி கோவிச்சுக்கும்னு அண்ணங்கிட்ட சொன்னேன். மூணு தோசை தின்னாரு. திரும்பி வந்து டயர மாட்டிக் கெளம்பீட்டோம். முருகேசு ஷெட்டுக்குள்ள இருந்து கட்டை விரலத் தூக்கிக் காட்டுனான். நானும் காட்டுனேன். எதுக்குக் காட்டறான்னு கேக்கல பாருங்க.

எருமப்பட்டி ரோட்டுல கொஞ்சம் போயி, சாயங்காலம் ஒரு ஆலமரத்துக்கிட்ட நிறுத்துனோம். அங்க கிரிக்கெட்டு வெளாடிட்டிருந்த பசங்க ஓடி வந்தாங்க. ஒருத்தன் நுனிப் பக்கம் கைய காட்டி, "அண்ணா, ரெக்கை மேல காக்கா உக்காந்துருக்குது"ன்னான்.

காக்கா இல்ல.

செவப்புப் பட்டைக்குப் பக்கத்துல, தோசைக்கல்லு அளவுக்கு, கறுப்பா, ரவுண்டா, பளபளன்னு ஒரு பொட்டு. நல்லா வெச்சுருந்தான். காம்பஸ் வெச்சாப்பல இருந்துச்சு. முன்னால ஜீப்புல போன எனக்கும் தெரியல, கண்ணாடில பாத்துட்டு வந்த அண்ணனுக்கும் நேர் ரோட்டுல அந்த நுனி தெரியாது.

அண்ணன் கைல இருந்த துணிய மடிச்சு தோள்ல போட்டாரு, அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு.

முருகேசுக்கு போன் போட்டேன்.

"ஏண்டா இப்படிப் பண்ணுன?"

"நீதான மாப்ள சொன்ன?"

"வெளாட்டுக்குச் சொன்னேன்டா!"

"பொட்டு வெக்கறதுல என்றா வெளாட்டு? அங்க ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சு. வெள்ளிக்கலர்ல, காசு அளவுல. கம்பெனிக்காரன் வெச்சது சின்னதா இருக்குதேன்னு அது மேலயே பெருசா வெச்சேன். ஏணி போட்டு, ரெண்டு கோட்டு."

"அழிஞ்சுருமாடா?"

"நான் வெச்சது அழியுமா? மழை வெயில் எதுக்கும் அசையாது. பத்து வருசம்டா"ன்னான் பெருமையா.

அன்னைக்கு அண்ணன் சாப்புடல. நானும் சாப்புடல. நான் சாப்புடலன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா டாக்டர கூட்டிட்டு வந்துரும். கேபின்ல அண்ணன் ஊருக்குப் போன் பண்ணி, "ஆமா, நல்லா இருக்கேன், நாளைக்கு எறக்கீருவோம்"னு பேசுனது காதுல உழுந்துச்சு.

மூணாவது நாள் விடிஞ்சதும், ஜீப்ப ட்ரெய்லருக்குக் காவலா நிறுத்திட்டு, மொத பஸ்ஸப் புடிச்சு நாமக்கல்லுக்கு ஓடுனேன். என்ற யோசனை சுலபம். அதே வெள்ளைய வாங்கி மேல பூசீரலாம். பெயிண்டுக் கடை தொறக்கற வரைக்கும் வாசல்லயே நின்னேன். கடைக்காரரு நெறம் போட்ட அட்டைய விரிச்சாரு. எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது, வெள்ளைங்கறது ஒரு நெறமில்ல, ஒரு வம்சம். அதுல இருவது முப்பது பங்காளிக.

"எந்த வெள்ளைங்க வேணும்?"

போன்ல போட்டா காட்டுனேன். வெயில்ல எடுத்தது ஒரு வெள்ளை, நெழல்ல எடுத்தது ஒரு வெள்ளை. எதுக்கால ஒரு வண்டில முட்டை அட்டை ஏத்திட்டிருந்தாங்க. "அந்த முட்டைய விடக் கொஞ்சம் மட்டம், சிமெண்ட விட ஒசத்தி"ன்னேன். அவரு கொட்டாவி உட்டுட்டு ஒரு சின்ன டப்பாவ எடுத்துக் குடுத்தாரு.

திரும்பி வந்து ஒரு தகரத்துல பூசிக் காய வெச்சு, ரெக்கை பக்கத்துல புடிச்சேன். பாக்கறதுக்கு ஒண்ணாட்டம்தான் இருந்துச்சு. வெயில் பட்டுச்சு பாருங்க, தகரம் பல்ல இளிக்குது. ரெக்கை சத்தங்காட்டாம இருக்குது. அதுல வெளிச்சம் உழுந்தா அப்படியே உறிஞ்சிக்குது. "தூரத்துல இருந்து தெரியாதுங்கண்ணா, பூசீர்றேன்"னேன்.

அண்ணன் தகரத்தப் பாத்தாரு, ரெக்கையப் பாத்தாரு. "வேண்டாம் சோட்டு. இப்ப ஒரு பொட்டு இருக்குது. பூசுனா ரெண்டாயிரும்."

டப்பாவ ஜீப்பு சீட்டுக்கு அடியில தள்ளிட்டுக் கெளம்புனோம்.

எருமப்பட்டி தாண்டி ஒரு மேடு ஏறி இறங்குனதும், ரெண்டு காத்தாடி நின்னுச்சு. எங்க பக்கத்துல நான் பாக்கற மொதக் காத்தாடி. பின்னால கொல்லிமலை நீலமா படுத்திருக்குது, முன்னால சோளக்காடு, நடுவுல இது ரெண்டும். அடி பெருத்து மேல போகப் போக மெலிஞ்ச வெள்ளைக் கம்பம். ஒரு மூட்டு தெரியல, ஒரு போல்ட்டு தெரியல. உச்சில பஸ்ஸு அளவுக்கு ஒரு பொட்டி, கீழ இருந்து பாத்தா தீப்பொட்டி. மூணு ரெக்கையும் அவசரமே இல்லாம சுத்துது. ஒண்ணு கீழ வர்றப்ப ஒண்ணு மேல போயிட்டே இருக்குது, கண்ணுக்கு எங்கயும் தட்டல. அத்தாப்பெருச நட்டு வெச்சும் ஒரு எழுத்து கூட எழுதல. எங்க ஜில்லால ஒரு மினி டெம்போ மேலயே ஒரு குடும்பத்தோட பேரு முச்சூடும் இருக்கும். இது பேரே சொல்லாம நிக்குது.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. இத்தன சுத்தமான ஒண்ணு மேல முருகேசோட பொட்டு சுத்தறத நெனச்சுப் பாத்தேன். ஊரே சோளக்காட்டுல நின்னு அதைத்தான் பாக்கும்.

வண்டிய உள்ள உடற எடத்துல ஒரு தோட்டத்துக்காரரும் அவரு ஊட்டுக்கார அம்மாவும் நின்னுட்டிருந்தாங்க. எப்படி இருக்குதுங்க காத்தாடின்னு கேட்டேன்.

"நல்லாவா இருக்குது? தெனமும் கொல்லிமலையப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவேன். இப்ப நடுவால இது வந்து நிக்குது"ன்னாரு.

"அது நின்ன எடத்துலயாவது சுத்திட்டு இருக்குதுங்க சாமி"ன்னு அந்தம்மா என்னையப் பாத்துச் சொல்லுச்சு. "இவரு பல்லு வெளக்கிட்டு அதுகூடப் பண்றதில்ல."

மத்த நாளா இருந்தா அங்கயே ஒரு மணி நேரம் வாயடிச்சிருப்பேன். அன்னைக்குச் சிரிப்பு பாதிலயே நின்னுக்குச்சு.

ரெக்கைய செக் பண்ணி வாங்கறது கவிதான்னு ஒரு இன்ஜினியர் மேடம். தம்மம்பட்டிக்காரங்க. தலைல ஹெல்மெட்டு, இடுப்புல டார்ச்சு, கைல அட்டைல மாட்டுன பேப்பரு. எங்களுதோட சேத்து மூணு ரெக்கை ஒரு செட்டு, மத்த ரெண்டும் முன்னாலயே வந்து பக்கத்துல படுத்துக் கெடந்துச்சு. பொட்டில்லாம.

அண்ணன் கேபின்ல இருந்து எறங்கறதுக்குள்ள நான் ஓடிட்டேன்.

"மேடம், நுனில ஒரு கறுப்பு இருக்குதுங்க. அத வெச்சது என்ற கூட்டாளி. வெக்கச் சொன்னது நானுங்க. டிரைவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவரு அப்ப முட்டை தோசை தின்னுட்டிருந்தாரு."

"நீ யாருப்பா?"

"பைலட்டுங்க."

"என்னாத்துக்கு வெக்கச் சொன்ன?"

"கண்ணு படாம இருக்கறதுக்குங்க."

மேடம் ஏணிய எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஏறுனாங்க. டார்ச்ச சாச்சுப் புடிச்சு, பொட்டச் சுத்தி நகத்தால தட்டித் தட்டிக் காது வெச்சுக் கேட்டாங்க. கீழ அண்ணன் என்ற பக்கத்துல வந்து நின்னாரு. அவரு மூச்சு உடற சத்தம் கேக்குது.

"தம்பி, உங்க ஆளு பொட்டு வெச்ச எடம் எது தெரியுமா? உள்ள ஒரு காசு மாதிரி உலோகம் இருக்குது. இடி உழுந்தா அதுலதான் உழுவணும். உள்ள கம்பி வழியா கீழ மண்ணுக்குப் போயிரும். அதத்தான் மூடி வெச்சுருக்கீங்க."

முருகேசு, நீ நாசமாப் போவன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

"சொரண்டுனீங்களா?"

"இல்லீங்க."

"தின்னர், பெட்ரோல் ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"மேல பெயிண்ட் கியிண்ட் பூசுனீங்களா?"

சீட்டுக்கு அடியில இருக்கற டப்பா என்ற முதுகச் சுட்டுச்சு. "இல்லீங்க மேடம்"னேன். நல்லவேளை, அது உண்மை.

"பூசியிருந்தா தேய்ச்சு எடுத்து, திரும்பக் கோட்டிங் குடுத்து, மத்த ரெண்டோட எடை சரியா இருக்குதான்னு பாத்து... அதெல்லாம் ஆவாது, திருப்பி அனுப்பிருப்பேன்"னாங்க. அப்பறம் பைல இருந்து ஒரு பாட்டிலும் வெள்ளைத் துணியும் எடுத்தாங்க. துணிய நனைச்சுப் பொட்டு மேல ஒத்தி, கொஞ்ச நேரம் உட்டு, மெதுவாத் தொடச்சாங்க. மொதல்ல ஒண்ணும் ஆகல. அண்ணன் கண்ண மூடிட்டாரு. ரெண்டாவது துணி. ஓரத்துல கறுப்பு இளகுச்சு. "ஒரு நாள்தான ஆச்சு, இன்னும் எறுகல"ன்னாங்க. நாலு துணி கறுப்பாச்சு. அஞ்சாவது துணில வெள்ளிக் காசு வெளிய வந்து மின்னுச்சு. ஆறாவது துணி வெள்ளையாவே வந்துச்சு.

டார்ச்ச மறுபடியும் சாச்சு அடிச்சாங்க. மேலிருந்து, பக்கத்துல இருந்து, கீழிருந்து. அப்பறம் எறங்கி பேப்பர எடுத்தாங்க. நான் எட்டிப் பாத்தேன். வரிசையா கட்டம். கீறல், வெடிப்பு, சிதைவு, அழுக்கு. பேனா 'கீறல்' கட்டத்துக்கு மேல நின்னுச்சு. அங்கயே நின்னுச்சு. நான் என்ற வாழ்க்கையில எந்தச் சாமிக்கும் இப்படி அடங்கி நின்னதில்ல. பேனா கீழ எறங்கி, 'அழுக்கு'ங்கற கட்டத்துல ஒரு டிக்கு. பக்கத்துல, 'துடைத்தாகிவிட்டது'ன்னு எழுதிக் கையெழுத்து.

"என்ன எழுதுனாங்க?"ன்னு அண்ணன் இந்தில கேட்டாரு.

"அழுக்குன்னு எழுதிருக்காங்க."

"அழுக்கு மட்டுமா?"

"அழுக்கு மட்டும்தான்."

"கீறல்?"

"கீறல் இல்லீங்கண்ணா. வெறும் அழுக்கு."

மூணாவது தடவையும் கேட்டாரு. நானும் சொன்னேன். துணிய எடுத்து மூஞ்சிய அழுத்தித் தொடச்சுக்கிட்டு, தமிழ்ல "சாப்பாடு"ன்னாரு.

எருமப்பட்டில ஒரு மெஸ்ஸுல உக்காந்தோம். அண்ணனுக்குச் சோறு போட்ட பையன் நாலாவது தடவைக்கு மேல வாளிய எலை பக்கத்துலயே வெச்சுட்டுப் போயிட்டான். நான் ரசத்துக்கு வந்தப்ப அவரு திரும்பக் கொழம்புக்குப் போயிட்டாரு.

கை கழுவறப்பதான் சொன்னாரு, நாலு வருசமா ரெக்கை ஏத்தறாராம், சுத்தற காத்தாடிக்குக் கீழ ஒரு தடவை கூட நின்னதில்லயாம். எறக்குனதும் அடுத்த லோடுக்கு ஓடிருவாரு. வாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். மேடம்கிட்ட கேட்டு, வேலிக்கு இக்கட்டால நின்னுக்கறதுக்கு அனுமதி வாங்குனேன்.

தூரத்துல சோம்பேறியாட்டம் சுத்துனது, கிட்டப் போனா அப்படி இல்ல. நுனி வீசற வீச்சுல 'ஊவ்... ஊவ்...'னு காத்து அறுபடுது. நெழலு சோளக்காட்டு மேல ஓடி வந்து, எங்க மேல ஏறி இறங்கி, மறுபடியும் ஓடுது. ஏன் மினுக்கமே இல்லாம அடிச்சு வெச்சுருக்காங்கன்னு மேடம்கிட்ட கேட்டேன். "மினுக்குனா ஒவ்வொரு சுத்துக்கும் வெயில் தெறிச்சு காட்டுல வேலை செய்யறவங்க கண்ணுல அடிக்குமில்ல. இந்த நெறம் வானத்தோட போயிரும்"னாங்க. நிமுந்து பாத்தேன். மேகத்துக்குள்ள ரெக்கை போறது தெரியுது, மேகம் எங்க முடியுது ரெக்கை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. கடையில அந்தாளு முப்பது வெள்ளை காட்டுனதுக்கு எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, அது போயிருச்சு.

அண்ணன் கழுத்து வலிக்கற வரைக்கும் பாத்தாரு. "இதுல எது நான் கொண்டு வந்தது?"ன்னாரு.

"எறக்கி வெச்சதுதான் உங்களுது. இது வேற எவனோ கொண்டு வந்தது."

"பரவால்ல. நல்லா சுத்துது"ன்னு கைய ஆட்டிட்டு ட்ரெய்லர் பக்கம் நடந்தாரு. ரெக்கைய எறக்குன ட்ரெய்லரு மடிச்சு வெச்ச கட்டிலாட்டம் குட்டியா இருந்துச்சு. ஆரன ரெண்டு தடவை அடிச்சுட்டுப் போனாரு, மணிக்கு இருவதுல இல்ல, எழுபதுல.

ஜீப்புல உக்காந்து முருகேசுக்கு நீளமா ஒரு மெசேஜ் போட்டேன். உன்ற பொட்டு அழிஞ்சுருச்சு, பத்து வருசம்னு சொன்னது ஒரு நாள் கூடத் தாங்கல, ரெக்கைல ஒரு கீறல் இல்ல, அண்ணன் வேலையும் தப்பிச்சுது, இனிமே அடுத்தவன் லோடு மேல கை வெச்சீன்னா கைய ஒடிச்சுருவேன்னு எழுதுனேன்.

உடனே பதில் வந்துச்சு: "பொட்டு வெச்சதனாலதான்டா மாப்ள ஒண்ணும் ஆகல."